மரபணுவிலிருந்து புரதம் வரை: பீட்டா குளோபினைக் கையால் எழுதிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்று எழுதி நடுவில் இரண்டு அம்புக்குறி போட்டால் யாருக்கும் புரிந்துவிடும். ஓர் உண்மையான மரபணு வரிசையைக் கையில் கொடுத்து, இதிலிருந்து வரும் புரதத்தை எழுது என்றால்தான் பேனா நிற்கிறது. பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: எந்த இழை, எந்தத் திசை, எங்கிருந்து எண்ணுவது. கோடான் (புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) அட்டவணையைப் பார்ப்பது கடைசியில் வரவேண்டிய வேலை. அதை முதலில் கையில் எடுப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

இங்கே ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, செல் வேலை செய்யும் அதே வரிசையில் போகலாம். அது மனிதரின் 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு. ஹீமோகுளோபினின் பாதி இதிலிருந்து வருகிறது. நீளம் சுமார் 1,600 கார இணைகள், உள்ளே இரண்டே இன்ட்ரான்கள் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எறியப்படும் இடைத்துண்டுகள்), ஆகவே பழகுவதற்குத் தோதானது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையும், நம் நாட்டில் பரவலாக உள்ள பீட்டா தலசீமியாவும் இதே மரபணுவில் நேரும் மாற்றங்கள்தான். படித்ததை உடனே ஒரு நோயோடு பொருத்திப் பார்க்க முடியும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட தாள், இரண்டு நிறப் பேனா, ஒரு கோடான் அட்டவணை. அட்டவணை ஆர்என்ஏ எழுத்துகளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் டி இருந்தால் அது டிஎன்ஏ அட்டவணை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் பாதி வழியில் எழுத்துகள் கலந்துவிடும்.

பிறகு வரிசை. பீட்டா குளோபினின் முதல் எக்ஸானில் (வெட்டுப்படாமல் மிஞ்சும் துண்டு) புரதத்துக்கான பகுதி இது. இழையின் ஒரு முனைக்கு 5', மறுமுனைக்கு 3' என்று பெயர். 5' முனையிலிருந்து 3' முனை நோக்கி, குறியீட்டு இழையில்:

5'- ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி டிசிடி ஜிசிசி ஜிடிடி ஏசிடி ஜிசிசி சிடிஜி டிஜிஜி ஜிஜிசி ஏஏஜி ஜிடிஜி ஏஏசி ஜிடிஜி ஜிஏடி ஜிஏஏ ஜிடிடி ஜிஜிடி ஜிஜிடி ஜிஏஜி ஜிசிசி சிடிஜி ஜிஜிசி ஏஜி -3'

மொத்தம் 92 எழுத்துகள். நடுவில் உள்ள இடைவெளிகள் நம் கண்ணுக்காக விட்டவை, செல்லுக்குள் அப்படி எதுவும் கிடையாது. கடைசியில் ஏஜி என்று இரண்டே எழுத்து நிற்பது அச்சுப் பிழை அல்ல. அதற்கு நான்காம் படியில் வருவோம்.

## 2. எந்த இழை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிஎன்ஏவில் இரண்டு இழைகள். ஆர்என்ஏ பாலிமரேஸ் படித்துப் பார்ப்பது வார்ப்புரு இழையை. அதற்கு எதிரே இருப்பது குறியீட்டு இழை. பாடநூல்களும் மரபணுத் தரவுத்தளங்களும் வழக்கமாக அச்சிடுவது குறியீட்டு இழையைத்தான். கேள்வித்தாளில் மட்டும் எது வேண்டுமானாலும் வரலாம்.

மேலே உள்ள வரிசைக்குக் கீழே வார்ப்புரு இழையை வேறு நிறத்தில் எழுதுங்கள். ஏவுக்கு எதிரெழுத்து டி, ஜிக்கு எதிரெழுத்து சி. எழுத்தைத் தொடுவதற்கு முன் இரு முனைகளிலும் எண்ணைப் போட்டுவிடுங்கள்:

3'- டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி சிடிசி -5'

முனை எண்ணை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலிமரேஸ் புதிய எழுத்தை ஆர்என்ஏவின் 3' முனையில் மட்டுமே சேர்க்கும். அப்படிச் சேர்க்க, வார்ப்புருவை அது 3' பக்கத்திலிருந்து 5' பக்கமாகப் படித்தாக வேண்டும். எண் இல்லாத இழையில் இந்தத் திசை கண்ணுக்குத் தெரியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, குறியீட்டு இழைக்கே எதிரெழுத்து போட்டு அதைத் தூது ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) என்று எடுத்துக்கொள்வது. அப்போது யுஏசி, சிஏசி, ஜியுஏ என்று வரும். அட்டவணையில் பார்த்தால் டைரோசின், ஹிஸ்டிடின், வாலின் என்று அழகாக அமினோ அமிலங்கள் கிடைக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. எந்த மூன்றெழுத்தைக் கொடுத்தாலும் அட்டவணை ஏதாவது ஒரு பதிலைத் தந்துவிடும், தவறு என்று அது சொல்லாது. தவறைப் பிடிக்க வேண்டியது இந்தப் படியில்.

## 3. படியெடுத்தல்

டிரான்ஸ்கிரிப்ஷன் எனும் படியெடுத்தல் உட்கருவுக்குள் நடக்கிறது. பீட்டா குளோபினுக்கு அது எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் முன்னோடிச் செல்களில் நடக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லாததால் அங்கே படியெடுக்க எதுவும் இல்லை. "ஹீமோகுளோபின் எங்கே உருவாகிறது" என்ற கேள்விக்கு ரத்தத்தில் ஓடும் சிவப்பணு என்று எழுதிவிடுகிறார்கள். உட்கருவை இழந்த இளம் சிவப்பணுக்களில் மிச்சமிருக்கும் தூது ஆர்என்ஏவைக் கொண்டு சிறிது காலம் புரதம் தயாராகும். அதன் பிறகு அதுவும் நின்றுவிடும்.

வார்ப்புருவுக்கு எதிரெழுத்து போட்டு, டி வரவேண்டிய இடத்தில் யு எழுதுங்கள்:

5'- ஏயுஜி ஜியுஜி சிஏயு சியுஜி ஏசியு சிசியு ஜிஏஜி ஜிஏஜி -3'

குறியீட்டு இழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டி இருந்த இடத்தில் யு, மற்றதெல்லாம் அப்படியே. இது பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள்.

படியெடுத்தல் ஏடிஜியில் தொடங்குவதில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிமரேஸ் தொடங்கும் இடத்தைத் தீர்மானிப்பது மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ஊக்குவிப்பான் பகுதி. பீட்டா குளோபினில் ஆர்என்ஏ தொடங்கி 50 எழுத்துகள் கழிந்த பிறகுதான் ஏயுஜி வருகிறது. அந்த 50 எழுத்துகள் தூது ஆர்என்ஏவில் இருக்கும், புரதத்தில் இருக்காது. முடிவுக் கோடானுக்குப் பிறகும் இதே போல ஒரு நீண்ட வால்பகுதி உண்டு.

## 4. ஆர்என்ஏவைச் செப்பனிடுதல்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

இப்போது கையில் இருப்பது முன்தூது ஆர்என்ஏ. செல் இதில் மூன்று வேலை செய்கிறது. 5' முனையில் மாற்றியமைத்த ஒரு குவானினைத் தொப்பியாகப் பொருத்துகிறது. 3' பக்கம் ஏஏயுஏஏஏ என்ற அடையாளத்துக்குச் சற்றுத் தள்ளி வெட்டி, சுமார் 200 ஏக்களை வாலாகச் சேர்க்கிறது. தொப்பி, புரதத்தைக் கோர்க்கும் ரைபோசோமை அழைப்பதற்கு, வால் ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமல் இருப்பதற்கு. இந்த இரண்டுக்கும் இவ்வளவு போதும்.

மூன்றாவது வேலை இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டுவது. இதைச் சின்ன விஷயம் என்று கடந்து போகிறவர்கள் அதிகம். பீட்டா குளோபினில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது.

முதல் எக்ஸான் ஏஜி என்ற இரண்டு எழுத்தோடு முடிந்தது அல்லவா? அடுத்து 130 எழுத்து நீளமுள்ள முதல் இன்ட்ரான். அதன் பிறகு வரும் இரண்டாவது எக்ஸான் ஜி என்று தொடங்குகிறது. ஒரு கோடானின் இரண்டு எழுத்து ஒரு எக்ஸானிலும், மூன்றாவது எழுத்து அடுத்த எக்ஸானிலும் இருக்கின்றன. ஒட்டிய பிறகுதான் அது முழுக் கோடான்:

ஏஜி | ஜி சியுஜி சியுஜி ஜியுஜி

படித்தால் ஆர்ஜினின், லியூசின், லியூசின், வாலின். இதுதான் சரி.

வெட்டாமல் நேரே படித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? இன்ட்ரான் ஜியுயுஜிஜியுஏயுசிஏ என்று தொடங்குகிறது. அதன் முதல் எழுத்தும் ஜி. ஆகவே:

ஏஜி | ஜி யுயுஜி ஜியுஏ யுசிஏ

ஆர்ஜினின், லியூசின், வாலின், செரின். முதல் இரண்டு அமினோ அமிலங்கள் சரியான விடையோடு அப்படியே ஒத்துப்போகின்றன! மூன்றாவதில்தான் பிசகு தெரிகிறது. எல்லையைத் தாண்டி ஒரு கோடான் சரிபார்த்துவிட்டு, சரியாகத்தான் போகிறது என்று தொடர்ந்தவர்களை இந்த இடம் ஏமாற்றியிருக்கிறது. எல்லைக்குப் பிறகு குறைந்தது நான்கு கோடான்களாவது சரிபாருங்கள்.

வெட்டும் இடத்தைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்ட்ரான் வழக்கமாக ஜியுவில் தொடங்கி ஏஜியில் முடியும். அந்த இரண்டு எழுத்து மட்டும் போதாது, அக்கம்பக்க எழுத்துகளும் சேர்ந்துதான் அடையாளம். இந்த முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தான ஜி, சியாக மாறுவதுதான் இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம். புரதத்துக்கான ஓர் எழுத்துகூட அதில் மாறவில்லை. வெட்டும் இடத்தின் அடையாளம் மங்கி, ஆர்என்ஏ தவறான இடங்களில் வெட்டுப்படுகிறது. சரியான தூது ஆர்என்ஏ மிகக் குறைவாகவே வெளியே வரும், புரதமும் அவ்வளவுதான். இன்ட்ரானை வெறும் குப்பை என்று எழுதுகிற பழக்கத்தை விட இது ஒன்றே போதும்.

இரண்டாவது இன்ட்ரான் 850 எழுத்து நீளம். முதல் மெத்தியோனினை விட்டு எண்ணினால், அது 104, 105 ஆகிய கோடான்களுக்கு நடுவே எதையும் உடைக்காமல் அமர்ந்திருக்கிறது. அங்கே தொல்லை இல்லை.

## 5. சட்டகம் போடுதல்

செப்பனிட்ட தூது ஆர்என்ஏ உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டது. இப்போது 5' முனையிலிருந்து வந்து முதல் ஏயுஜியைத் தேடுங்கள். அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அங்கிருந்து மூன்று மூன்றாகப் பிரித்துக் கோடு கிழியுங்கள். இந்தப் பிரிப்புதான் சட்டகம். ஓர் எழுத்தை இரண்டு கோடானில் சேர்க்கக் கூடாது, எதையும் விடவும் கூடாது.

தாளின் முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாகப் பிரிக்கத் தொடங்குவது வழக்கமான தவறு. முன்னால் இருக்கும் 50 எழுத்து மூன்றால் வகுபடாது. முதலிலிருந்து பிரித்தால் ஏயுஜி இரண்டு துண்டாகச் சிதறி, பிறகு வரும் அத்தனையும் பிசகும்.

இடையில் மீண்டும் ஏயுஜி வந்தால் அது புதிய தொடக்கம் அல்ல. சட்டகத்துக்குள் இருந்தால் சாதாரண மெத்தியோனின்.

## 6. கடத்து ஆர்என்ஏ: திசையில் ஏமாறும் இடம்

அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ. அதன் ஒரு பக்கத்தில் கோடானோடு பொருந்தும் எதிர்க்கோடான், மறுமுனையில் அமினோ அமிலம். அமினோ அமிலத்தை ஏற்றிவிடுவது தனி நொதிகளின் வேலை. ஒரு ஏற்றத்துக்கு, ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று ஏஎம்பியாக உடைய வேண்டும். இந்த நொதிகளின் துல்லியம்தான் மொத்த வேலைக்கும் உயிர்நாடி. ரைபோசோம் கோடானும் எதிர்க்கோடானும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். மறுமுனையில் சரியான அமினோ அமிலம் இருக்கிறதா என்பதை முதன்மையாகக் காத்து நிற்பது அந்த நொதிகள்தான்.

எதிர்க்கோடானை எழுதும்போது முனைகளை மறக்காதீர்கள். ஏயுஜிக்கு எதிரே 3'-யுஏசி-5'. இதையே வழக்கமான 5' திசையில் எழுதினால் சிஏயு. இரண்டும் ஒன்றே.

இப்போது பொறியைப் பாருங்கள். எதிர்க்கோடானைக் கோடான் அட்டவணையில் தேடுகிறவர் யுஏசி என்று தேடினால் டைரோசின் வரும். சிஏயு என்று தேடினால் ஹிஸ்டிடின் வரும். இரண்டுமே தவறு, அந்தக் கடத்து ஆர்என்ஏ சுமப்பது மெத்தியோனின். நம் மரபணுவின் மூன்றாவது கோடானே சிஏயுதான் என்பதால் தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இன்னும் குழப்பும். அட்டவணை தூது ஆர்என்ஏ கோடானுக்கு உரியது. எதிர்க்கோடானைக் கொடுத்து அமினோ அமிலம் கேட்டால், முதலில் அதைக் கோடானாகத் திருப்பிவிட்டு அட்டவணைக்குப் போங்கள்.

## 7. ரைபோசோமில் கோர்த்தல்

டிரான்ஸ்லேஷன் என்று சொல்லும் கட்டம் இதுதான். மனித செல்லில் 40எஸ் சிறு அலகு, தொடக்கக் கடத்து ஆர்என்ஏவோடு தொப்பிப் பக்கம் அமர்ந்து, ஏயுஜியைச் சந்திக்கும் வரை நகர்ந்து வரும். பிறகு 60எஸ் பெரு அலகு சேர்ந்து 80எஸ் ரைபோசோம் ஆகும். 40உம் 60உம் 100 ஆகவில்லையே என்று கேட்கிறார்கள். எஸ் என்பது மைய விலக்கு கருவியில் படியும் வேகத்தின் அளவு. அது எடை அல்ல, ஆகவே கூட்டல் கணக்கு பொருந்தாது.

பாக்டீரியாவுக்கு உரியவற்றை இங்கே கலக்காதீர்கள். 30எஸ், 50எஸ், பார்மைல் மெத்தியோனின் எல்லாம் அங்கே. மனிதரின் சைட்டோபிளாசத்தில் சாதாரண மெத்தியோனின்தான் முதலில் அமரும்.

ரைபோசோமில் மூன்று இருக்கைகள் வரையுங்கள்: இடமிருந்து வலமாக ஈ, பி, ஏ. மெத்தியோனின் சுமந்த கடத்து ஆர்என்ஏ பி இருக்கையில். ஜியுஜி கோடானுக்கு வாலின் சுமந்தது ஏ இருக்கையில் வந்து அமர்கிறது. அடுத்து நடப்பதைப் பெரும்பாலோர் தலைகீழாக வரைகிறார்கள். வாலின் வந்து மெத்தியோனின் பக்கம் போவதில்லை. பி இருக்கையில் உள்ள மெத்தியோனின்தான் தன் கடத்து ஆர்என்ஏவை விட்டுவிட்டு, ஏ இருக்கையில் இருக்கும் வாலினோடு பெப்டைடு பிணைப்பில் சேர்கிறது. இப்போது மெத்தியோனின், வாலின் இரண்டும் ஏ இருக்கையின் கடத்து ஆர்என்ஏவில் தொங்கும். ரைபோசோம் ஒரு கோடான் நகர்ந்ததும் அது பி இருக்கைக்கு வரும், காலியானது ஈ வழியாக வெளியேறும்.

சங்கிலி எவ்வளவு நீளமானாலும் இதே முறைதான். முழுச் சங்கிலியும் புதிதாக வந்த அமினோ அமிலத்தின் மேல் மாற்றப்படுகிறது. இந்தப் பிணைப்பை உண்டாக்குவது ரைபோசோமின் ஆர்என்ஏ, அதன் புரதங்கள் அல்ல. ஒரு சுற்றுக்கு இரண்டு ஜிடிபி (இன்னோர் ஆற்றல் மூலக்கூறு) செலவு.

மூன்று சுற்றுகளையாவது தாளில் முழுதாக வரையுங்கள். அதற்கு மேல் அட்டவணையை வைத்து வேகமாகப் போகலாம்: மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், த்ரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லைசின், செரின்.

கடைசியில் யுஏஏ. இதற்குக் கடத்து ஆர்என்ஏ கிடையாது. விடுவிப்புக் காரணி என்ற புரதம் ஏ இருக்கையில் நுழைந்து சங்கிலியை அறுத்துவிடும். முடிவுக் கோடானுக்கும் ஓர் அமினோ அமிலத்தை எண்ணிவிட வேண்டாம். மொத்தம் 148 கோடான்கள், 147 அமினோ அமிலங்கள்.

## 8. சங்கிலி புரதமாகும் வரை

சங்கிலி நீண்டுகொண்டிருக்கும்போதே முதல் மெத்தியோனின் வெட்டப்படுகிறது. மிஞ்சுவது 146. முதல் இடத்தில் இப்போது வாலின்.

இதனால்தான் அரிவாள் செல் மாற்றத்தைப் பழைய நூல்கள் 6-ஆம் இடம் என்றும், இன்றைய மரபணுப் பரிசோதனை அறிக்கைகள் 7-ஆம் இடம் என்றும் சொல்கின்றன. முன்னது மெத்தியோனினை விட்டு எண்ணுவது, பின்னது சேர்த்து எண்ணுவது. எந்தக் கணக்கு என்பதை விடையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிறகு சங்கிலி மடிந்து, ஹீமை (ஆக்சிஜனைத் தாங்கும் இரும்புக் கூறு) பிடித்துக்கொண்டு, 16-ஆம் குரோமோசோமிலிருந்து வரும் ஆல்பா சங்கிலியோடு சேரும். இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா சேர்ந்தால்தான் ஹீமோகுளோபின்.

## 9. உங்கள் தாளைச் சோதிக்க இரண்டு மாற்றங்கள்

முதலாவது, அரிவாள் செல். குறியீட்டு இழையில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஜிஏஜிகளில் முதலாவதை மட்டும் ஜிடிஜி ஆக்குங்கள். இரண்டாவதை மாற்றிவிட்டால் அது வேறு மாற்றம். வார்ப்புருவில் சிடிசி, சிஏசி ஆகும். தூது ஆர்என்ஏவில் ஜியுஜி. குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். மின்னூட்டமுள்ள ஒன்றின் இடத்தில் நீரை ஒதுக்கும் ஒன்று வருவதால், ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவின் உருவத்தையே வளைத்துவிடுகின்றன. அதே கோடான் ஜிஏஜியிலிருந்து ஜிஏஏ ஆகியிருந்தால் அமினோ அமிலம் மாறியிருக்காது. எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது சட்டகத்துக்கான சோதனை. மெத்தியோனினை விட்டு எண்ணினால் 8-ஆம் கோடான் ஏஏஜி, 9-ஆம் கோடான் டிசிடி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜியைச் செருகுங்கள். இதுவும் இந்தியாவில் காணப்படும் ஒரு பீட்டா தலசீமியா மாற்றம். எதையும் விடாமல் மீண்டும் மூன்று மூன்றாகப் பிரித்தால் இப்படி வர வேண்டும்:

ஏஏஜி ஜியுசி யுஜிசி சிஜியு யுஏசி யுஜிசி சிசியு ஜியுஜி ஜிஜிஜி சிஏஏ ஜிஜியு ஜிஏஏ சிஜியு ஜிஜிஏ யுஜிஏ

லைசினுக்குப் பிறகு வாலின், சிஸ்டீன், ஆர்ஜினின், டைரோசின் என்று முற்றிலும் வேறு சங்கிலி. 22-ஆம் இடத்தில் யுஜிஏ வந்து வேலை நின்றுவிடுகிறது. 146 அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் 21 மட்டும். அந்த யுஜிஏ உங்கள் தாளில் வரவில்லை என்றால், செருகிய இடத்திலிருந்து பழைய இடைவெளிகளையே பின்பற்றியிருப்பீர்கள். இடைவெளி விடாமல் வரிசையை ஒரே தொடராக எழுதிக்கொண்டு, ஏயுஜியிலிருந்து புதிதாகக் கோடு கிழித்துப் பாருங்கள்.